பத்தாம் சானலும் புத்தளத்துச் சிரட்டையும்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே கடலை ஒட்டிக் கிடக்கிறது உடப்பு. அவ்வூர் மீனவர் கரைவலை இழுக்கையில் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பற்றிய ஏனையோர் ஒரே குரலில் அதனை ஏற்பர். ஏற்கும் சொல் வாயிலிருந்து வெளிப்படும் கணத்திலேயே கால் மணலில் ஊன்றும். தோள் பின்னே சாயும். கயிறு சற்றே கரைக்கு ஏறும். பாட்டில் மூச்சுவிடும் இடமும் கயிற்றில் கைமாற்றும் இடமும் ஒன்றே. இங்கே தாளத்தை எவரும் பள்ளி வைத்துக் கற்பிக்கவில்லை. வலையின் கனமே கற்பித்தது.

கலையின் பிறப்பை ஆராய்ந்த அறிஞர் இவ்வுண்மையை முன்பே கண்டு சொன்னார்கள். ஜெர்மானியப் பொருளியலறிஞர் கார்ல் பூஹர் உழைப்பும் தாளமும் என்னும் பொருள் பற்றி 1896இல் தனிநூலே எழுதினார். ஜோர்ஜ் தொம்சன் அக்கருத்தை மார்க்சிய நோக்கில் வளர்த்தெடுத்தார். அவரிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்த நம் க. கைலாசபதி வழியாக, ஈழத்து ஆசிரியரும் மாணவரும் அதனை அறிந்தனர். தாளம் என்பது வானத்திலிருந்து இறங்கிய வரம் என்ற மயக்கம் அன்றே கலைந்தது.

ஆயினும் இன்று நம் முன் நிற்பது வேறொரு கேள்வி. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலைக் கயிற்றை இழுக்கத் தொடங்கிய கரைகளில் அம்பா ஓய்ந்துவிட்டது. கல்யாண வீட்டிலும் திருவிழா மேடையிலும் நான்கு பேர் கொட்டிய இடத்தில் ஒரு கீபோர்ட் நிற்கிறது. அதற்குள்ளே, அல்லது அதனோடு பிணைத்த கணினிக்குள்ளே, உலகத்துத் தாளங்கள் எல்லாம் இருப்பதாகச் சொல்லுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் பைலா ஒலிக்கும். மறு பொத்தானை அழுத்தினால் சம்பா ஒலிக்கும். உழைப்பின் குழந்தையாகிய தாளம் எப்படி இந்தப் பெட்டிக்குள் புகுந்தது? புகுந்தபோது யாருடைய கை உள்ளே வந்தது? யாருடைய கை வெளியே நின்றது?

இயந்திரத்தைச் சபிப்பது நம் நோக்கமன்று. அதனைத் தொழுவதும் நம் வழக்கமன்று. இயந்திரமும் மனித உழைப்பே. ஆகவே அதற்கும் வரலாறு உண்டு. மென்பொருளில் முழவொலிகளை எந்த எண்ணில் வைப்பது, எந்தச் சானலில் அனுப்புவது, எவ்வழியே வெளியே எடுப்பது என்பன வெறும் தொழில்நுட்ப விவகாரங்கள் போலத் தோன்றும். புத்தளக் கரையில் நின்று பார்க்கும்போது, அந்த எண்களுக்குப் பின்னே அடிமைக் கப்பல்களின் வரலாறு நிழலாடுவதைக் காண்கிறோம்.

புத்தளம் நகரை அடுத்துச் சிரம்பியடி என்றோர் ஊர் உண்டு. அங்கே ஆப்பிரிக்க வழிவந்த குடும்பங்கள் சில வாழ்கின்றன. தமிழர் அவர்களைக் காப்பிலியர் என்றும் காப்பிரி என்றும் வழங்கினர். சிங்களத்தில் காப்பிரி என்பதே வழக்கு. அரபு மொழியில் இறைமறுப்பாளரைக் குறித்த சொல்லொன்று வணிகர் வாய்ப்பட்டு, போர்த்துக்கேயர் வாய்ப்பட்டு, ஆப்பிரிக்கரைக் குறிக்கும் பெயராக இக்கரையை வந்தடைந்தது. தம்மை யார் என்று சொல்லும் பெயரைக்கூட இம்மக்கள் தாமே வைத்துக்கொள்ள இயலவில்லை என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

இவர்கள் எவரும் விரும்பி வந்தவர்களல்லர். பதினாறாம் நூற்றாண்டில் கால்வைத்த போர்த்துக்கேயர் ஆப்பிரிக்கரைப் போர்வீரராகவும் அடிமைகளாகவும் கொணர்ந்தனர். அவர்களை 1658இல் துரத்திய ஒல்லாந்தர், கோட்டை கட்டவும் சுமை தூக்கவும் அவ்வடிமை முறையைத் தொடர்ந்தனர். கொழும்பில் நாம் கொம்பனித்தெரு என்னும் பகுதிக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயர் அடிமைத் தீவு என்பது. ஆங்கிலேயர் வந்தபின் 1798 முதல் 1805 வரை ஆளுநராயிருந்த பிரெடரிக் நோர்த், மொசாம்பிக்கிலும் கோவாவிலும் ஆப்பிரிக்கரைப் பெற்றுப் படையில் சேர்த்தார். கண்டியரோடு நிகழ்ந்த போரில் அவர்கள் முன்னணியில் நிறுத்தப்பட்டனர். ஒருவன் நாட்டைப் பறிக்க, நாட்டைப் பறிகொடுத்த இன்னொருவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது ஏகாதிபத்தியத்தின் பழைய தந்திரமன்றோ! இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. படைகள் கலைக்கப்பட்ட காலத்தில், 1860களை ஒட்டி, ஆப்பிரிக்கப் படைவீரரின் குடும்பங்கள் புத்தளத்தில் நிலைகொண்டன. இன்று சிரம்பியடியில் வாழ்வோர் அவர்களுடைய வழித்தோன்றல்கள்.

நிலத்தை விட்டுவந்தார்கள்; உறவை விட்டுவந்தார்கள்; தாய்மொழியும் மெல்ல மறைந்தது. போர்த்துக்கேயச் சொற்கள் கலந்த கிரியோல் மொழியொன்று அவர்களுக்கிடையே வழங்கிற்று. இப்போது வீட்டில் பேசுவது பெரும்பாலும் சிங்களம். கிரியோல் எஞ்சியிருப்பது பாட்டில் மட்டுமே. அப்பாட்டுக்கு மாஞ்சா என்று பெயர். சொற்களின் பொருள் முழுவதும் விளங்காத நிலையிலும், பேரப்பிள்ளைகள் பாட்டியின் வாயைப் பார்த்து அதனைப் பாடுகிறார்கள்.

மாஞ்சாவின் வாத்தியங்களைப் பாருங்கள். இரண்டாகப் பிளந்த தேங்காய்ச் சிரட்டை, கரண்டியால் தட்டும் கண்ணாடிப் போத்தல், கைத்தட்டு, றபான், டோலக். செல்வர் வீட்டுக் கண்ணாடிப் பேழையில் வைக்கத்தக்க பொருள் இவற்றுள் ஒன்றுமில்லை. அடுக்களையில் எறியப்பட்டது வாத்தியமாயிற்று. பாட்டு மெதுவாகத் தொடங்கும். ஒருவர் பாட மற்றவர் சேர்வர். வரவர வேகம் கூடும், உட்கார்ந்திருந்தவர் எழுவர், இடுப்பு அசையும், கடைசியில் வீடே ஆடும். தாளம் ஆறு சிற்றடி கொண்டது. அவ்வாறினை மும்மூன்றாக இரு கூறாகவும் கேட்கலாம். இவ்விரண்டாக முக்கூறாகவும் கேட்கலாம். கை ஒரு கணக்கில் போக, கால் மறு கணக்கில் போகும். இரண்டும் மோதாமல் பின்னிக்கொள்வதே அத்தாளத்தின் உயிர்.

இத்தாளம் சிரம்பியடியோடு நின்றுவிடவில்லை. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரிடத்தும் ஆப்பிரிக்கரிடத்தும் வளர்ந்த கஃபிரிஞ்ஞா என்னும் ஆட்டப்பாட்டே பைலாவுக்கு ஊற்று. போர்த்துக்கேய மொழியில் பைலார் என்றால் ஆடுதல். பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன் 1940களிலிருந்து அதனைச் சிங்களப் பாட்டாக்கி வீதிக்குக் கொணர்ந்தார். எம். எஸ். பெர்னாண்டோ அதனை நாடெங்கும் பரப்பினார். தமிழிலே பொப் இசை 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினத்தால் தலையெடுத்தபோது அதிலும் இந்த ஆட்டத் தாளத்தின் சாயல் இருந்தது. ஏ. ஈ. மனோகரன் பாடிய சுராங்கனி பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டுக்கும் போயிற்று. சென்னையில் அப்பாட்டுக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேர், தம் கை ஓர் ஆப்பிரிக்க அடிமையின் தாளத்தைத் தட்டுகிறது என்று அறிந்திருப்பர்?

றபானையும் இங்கே மறந்துவிடலாகாது. புத்தளத்து முஸ்லிம்கள் அதனைப் பைத்தோடு கொட்டுவர். சித்திரைப் புத்தாண்டில் சிங்களப் பெண்கள் பெரிய றபானைச் சுற்றி வட்டமாக அமர்ந்து கொட்டுவர். சிரம்பியடியில் அது மாஞ்சாவுக்குத் துணை. இனம் இனமாக நம்மைப் பிரித்து நிறுத்த முயன்ற அரசியலுக்கு இத்தோல் வாத்தியம் செவிசாய்க்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் வந்து தங்கியதும் இதே புத்தளக் கரையில்தான். வேரறுக்கப்பட்டவர்களை ஏற்றுக்கொண்ட கரை இது. அவர்கள் சுமந்துவந்த தாளங்களையும் அது ஏற்றுக்கொண்டது.

இனி இயந்திரத்துக்கு வருவோம்.

முழவொலியைப் பதிந்துவைத்து, வேண்டும்போது எழுப்பும் கருவிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். 1979இல் ஒஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான ஃபெயர்லைட் என்னும் கணினி வாத்தியம் எந்த ஒலியையும் பதிந்து விசைப்பலகையில் வாசிக்க வழிசெய்தது. 1980இல் அமெரிக்கரான ரொஜர் லின் வெளியிட்ட எல்.எம்.1 என்ற கருவி, உண்மையான முழவின் அடிகளை எண்வடிவில் பதிந்து ஒலித்த முதல் தாள இயந்திரம். அதன் விலை ஐயாயிரம் டொலரை ஒட்டியிருந்தது. அதே ஆண்டில் யப்பானிய ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.808 பதிவொலியைக் கையாளவில்லை. மின்சுற்றினால் முழவொலியைப் போலச் செய்தது. அதன் முகப்பில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒரு தாளவட்டத்தை நாலுநான்காகப் பதினாறாய்ப் பிளப்பதே இயல்பு என்று அவ்வரிசை உலகத்துக்குக் கற்பித்தது.

அக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் வாத்தியம் மற்றொன்றின் வாத்தியத்தோடு பேசாது. இந்நிலையை மாற்றவேண்டுமென்று ரோலண்டின் நிறுவனர் இக்குட்டாரோ காக்கெஹாஷியும் அமெரிக்கப் பொறியியலாளர் டேவ் சிமித்தும் முயன்றனர். சிமித் 1981இல் பொதுவிதியொன்றின் வரைவை முன்வைத்தார். 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், போட்டியாளர் இருவரின் கருவிகள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசித்தால் மற்றொன்று ஒலித்தது. அதுவே மிடி. இதனைப் பயன்படுத்துவோரிடம் உரிமைக் கட்டணம் வாங்குவதில்லை என்றும் அவர்கள் முடிவு செய்தனர். இலாபத்தையே உயிர்மூச்சாகக் கொண்ட உலகில், பொதுவில் விடப்பட்டதனாலேயே ஒரு விதி நாற்பது ஆண்டு கடந்தும் உயிர்வாழ்கிறது என்பது சிந்திக்கத்தக்க செய்தி. அவ்விருவருக்கும் 2013இல் கிராமி அமைப்பு தொழில்நுட்ப விருது வழங்கியது.

மிடி ஒலியைக் கடத்துவதில்லை, கட்டளையைக் கடத்துகிறது. இன்ன சானல், இன்ன எண், இவ்வளவு வலு என்று மூன்றே சொற்கள். சானல்கள் பதினாறு. எண்கள் 0 முதல் 127 வரை. அடியின் வலுவும் அவ்வாறே. நொடிக்கு 31,250 துணுக்கு வேகத்தில் செல்லும் அக்கம்பியில் ஓர் அடிக்கான கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய ஆயிரத்திலொரு நொடி ஆகும். தந்திமுறையில் புள்ளியும் கோடும் எப்படியோ, அப்படியே இது.

ஆனால் 36 என்ற எண் வந்தால் எந்த முழவு ஒலிக்கவேண்டும்? தொடக்கத்தில் இதற்கு ஒருமித்த விடையில்லை. ஒரு கருவிக்கென எழுதிய தாளத்தை மற்றொன்றில் இட்டால் பெருமுழவு ஒலிக்கவேண்டிய இடத்தில் சேகண்டி ஒலிக்கும். 1991இல் ஜெனரல் மிடி என்னும் பொதுப்பட்டியல் வந்தது. முழவுகளுக்கெனப் பத்தாம் சானல் ஒதுக்கப்பட்டது. 35 முதல் 81 வரை நாற்பத்தேழு தாளவொலிகளுக்கு எண் இடப்பட்டது. 36 பெருமுழவு, 38 ஸ்நேர், 42 மூடிய ஹைஹட், 46 திறந்த ஹைஹட். இன்றும் பெரும்பாலான மென்பொருள்கள் இவ்வெண்களையே வழக்கமாகக் கொண்டுள்ளன.

இப்பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஐரோப்பிய, அமெரிக்க முழவுத் தொகுதியைக் கடந்ததும் வேறு பெயர்கள் வருகின்றன. 60உம் 61உம் பொங்கோ. 62, 63, 64 கொங்கா. 67உம் 68உம் அகோகோ. 78உம் 79உம் குயீக்கா. இவை யாருடைய வாத்தியங்கள்? பொங்கோவும் கொங்காவும் கியூபாவில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் படைத்தவை. அகோகோ மணி மேற்காப்பிரிக்க யொருபா மக்களிடமிருந்து பிரேசிலுக்குப் போனது. குயீக்காவும் ஆப்பிரிக்கத் தொடர்புடைய பிரேசில் வாத்தியமே. அத்திலாந்திக் அடிமை வாணிபத்தில் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர் என வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுடைய கைகள் படைத்த ஒலிகளே இவ்வெண்களுக்குள் இருக்கின்றன.

இவ்விடத்தில்தான் புத்தளத்தில் நிற்கும் நாம் திகைத்து நிற்கிறோம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மேற்கே கொண்டுபோகப்பட்டவன் கொட்டியதற்கு எண் கிடைத்தது. அதே கண்டத்திலிருந்து கிழக்கே கொண்டுவரப்பட்டவன் தட்டிய சிரட்டைக்கு எண் இல்லை. அவனுடைய போத்தலுக்கு இல்லை, றபானுக்கு இல்லை. நம் மிருதங்கம், தவில், பறை, உடுக்கு, கண்டிய பெர என எதற்கும் அந்த நாற்பத்தேழில் இடமில்லை. மாஞ்சாவில் வருவனவற்றுள் பட்டியல் ஏற்றுக்கொண்டது ஒன்றே: கைத்தட்டு. அதன் எண் 39.

இது எவனோ ஒருவனின் வஞ்சத்தால் நேர்ந்ததன்று. சந்தையின் இயல்பு அது. கியூபாவின் தாளமும் பிரேசிலின் தாளமும் அமெரிக்க இசைத்தட்டு வாணிபத்துக்குள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே புகுந்துவிட்டன. அவற்றை வாங்குவோர் இருந்தனர்; ஆகவே கருவி செய்வோர் அவற்றைச் சேர்த்தனர். பிற்காலத்தில் இந்தியச் சந்தை விரிந்தபோது, அதற்கென்றே செய்த கீபோர்டுகளில் தபலாவும் டோலக்கும் இடம்பெற்றது இதற்குச் சான்று. விலை கொடுத்து வாங்க ஒரு கூட்டம் இல்லாத சிரம்பியடிக்காக எந்த நிறுவனம் ஓர் எண்ணை ஒதுக்கும்? அடிமையின் கலையும்கூட, அவனை ஆண்டவனின் சந்தையிலே விலைபோனால்தான் உலகப் பொதுவாகிறது. முதலாளித்துவத்தில் பொது என்ற சொல்லின் பொருள் இத்துணைக் குறுகியது.

ஆனால் நண்பர்களே, இங்கேயே நின்று புலம்புவோமாயின் நாம் பாதி வரலாற்றையே படித்தவர்களாவோம். 36 என்ற எண்ணுக்கும் பெருமுழவுக்கும் இயற்கையில் எந்த உறவும் இல்லை. அது மனிதர் கூடிச் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். இன்றைய மென்பொருளில் ஒரு மாணவன் அரைநாளில் மாற்றிவிடலாம். எவ்வாறு என்பதைச் சுருங்கச் சொல்லுவோம்.

மாஞ்சாவின் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பதிந்துகொள்ளவேண்டும். றபானின் நடுவில் விழும் அடி, விளிம்பில் விழும் அடி, கையை அழுத்தி அடக்கும் அடி ஆகிய மூன்றும் வேறு வேறு. ஒவ்வொன்றையும் மெல்லியதாக, நடுத்தரமாக, ஓங்கியதாக மூன்று வலுவில் பதிவது நன்று. ஒரே பதிவைக் கூட்டியும் குறைத்தும் ஒலித்தால் காது ஏமாறாது. மெல்ல அடித்த தோலின் குரலே வேறு. இவற்றைச் சாம்ப்ளரில் ஏற்றி, வலு 1 முதல் 127 வரையுள்ள எல்லையை மூன்று கூறாக்கி, கூறுக்கொரு பதிவை அமைக்கவேண்டும். நடுவடிக்கு 36 என்றும் விளிம்பிற்கு 38 என்றும் நாமே எண்ணிடலாம். அடக்கும் அடி விழுந்ததும் முன்னே ஒலித்துக்கொண்டிருக்கும் திறந்த அடி அடங்கவேண்டும். அதற்கு இரண்டையும் ஒரே தொகுப்பில் சேர்க்கவேண்டும். திறந்த ஹைஹட்டுக்கும் மூடிய ஹைஹட்டுக்கும் செய்யப்பட்ட ஏற்பாடு இது. றபானுக்கும் அப்படியே பொருந்தும்.

அடுத்தது வழிப்படுத்தல். இதற்கு இரண்டு நெறிகள் உண்டு. ஒன்று, எல்லா ஒலிகளையும் ஒரே சாம்ப்ளரில், ஒரே சானலில், எண்ணால் மட்டும் பிரித்துவைப்பது. மற்றொன்று, வாத்தியத்துக்கொரு சாம்ப்ளராக வைத்து, றபானுக்கு முதற் சானல், சிரட்டைக்கு இரண்டாவது, போத்தலுக்கு மூன்றாவது, கைத்தட்டுக்கு நான்காவது என ஒதுக்குவது. இரண்டாம் நெறியில் தொடக்கக்காரர் வழக்கமாக விழும் குழி ஒன்றுண்டு. சாம்ப்ளர் எல்லாச் சானலையும் கேட்கும் நிலையில் இருந்தால், ஒன்றைத் தட்டும்போது நான்கும் ஒலிக்கும். ஒவ்வொன்றையும் தன் சானலை மட்டும் கேட்குமாறு மாற்றவேண்டும். மற்றொரு குழப்பமும் நேரும். 36ஆம் எண்ணை ஒரு நிறுவனம் சி1 என்றும் வேறொன்று சி2 என்றும் அழைக்கிறது. பெயரை நம்பாது எண்ணை நம்புவதே பாதுகாப்பு.

முதல் நெறியைக் கொண்டாலும், ஒலிகள் யாவும் ஒரே வழியால் வெளிவரும்படி விட்டுவிடலாகாது. அப்படி விட்டால் சிரட்டையை உயர்த்த முற்படும்போது றபானும் கூடவே உயரும். போத்தலின் கூர்மையைத் தணிக்க முற்படும்போது கைத்தட்டும் மங்கும். வலுத்த குரல் மெல்லிய குரலை விழுங்கிவிடும். சாம்ப்ளரின் வெளியீடுகளைப் பலவாக்கி, ஒவ்வோர் ஒலியையும் மிக்சரில் தனித்தனி வரிசைக்கு அனுப்பவேண்டும். அப்போதுதான் அடுக்களைச் சிரட்டையும் தன் குரலில் பேசும். கூட்டத்தில் சேர்ந்தும் பேசும்.

தாளத்தின் கட்டமைப்பையும் கவனிக்கவேண்டும். பல மென்பொருள்கள் திறந்தவுடன் நாலடித் தாளத்தையும் பதினாறு கட்டங்களையும் தாமாகவே முன்வைக்கும். ஆறு சிற்றடித் தாளத்தை அதற்குள் திணித்தால் மாஞ்சா நொண்டும். தாளக் குறியை எட்டின் மேல் ஆறு என்று மாற்றி, கட்டங்களை ஆறாகவோ பன்னிரண்டாகவோ வைக்கவேண்டும். அடிகளைக் கோட்டில் கறாராக நிறுத்தும் வசதியை அளவோடு கையாளவேண்டும். மாஞ்சாவில் வேகம் கூடிக்கொண்டே போகும் என்று கண்டோம். இயந்திரமோ தொடங்கிய வேகத்திலேயே முடிக்கும். வேகத்தைப் படிப்படியாக உயர்த்தும் கோட்டினை நாம்தான் வரையவேண்டும். அதனை வரைய, முதலில் சிரம்பியடிக்குப் போய் அம்மக்களோடு அமர்ந்து கேட்கவேண்டும். எந்த மென்பொருளிலும் அந்த அறிவு விலைக்குக் கிடைக்காது.

இங்கே மிக முக்கியமானதொரு வினா எழுகிறது. பதிந்த அடி யாருக்குச் சொந்தம்?

1969இல் அமெரிக்காவில் வின்ஸ்டன்ஸ் என்னும் குழு வெளியிட்ட பாட்டொன்றின் இடையே, கிரெகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் தனியே முழவு வாசித்தார். பத்து வினாடிக்கும் குறைவான வாசிப்பு அது. சாம்ப்ளர்கள் பரவிய 1980களிலிருந்து அவ்வாசிப்பு ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. அதனை அடித்தளமாகக் கொண்டு தனி இசை வகைகளே தோன்றின. கோல்மனுக்கு அதனால் காசு வரவில்லை. அவர் 2006இல் வறுமையில் இறந்தார். இசை அன்பர்கள் திரட்டிய 24,000 பவுண் 2015இல் அக்குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் சேர்ந்தது. முழவு கொட்டிய கை அப்போது மண்ணுக்குள் இருந்தது.

சாம்ப்ளில் உறைந்திருப்பது உழைப்பே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. உயிருள்ள உழைப்பு ஒருமுறை நிகழ்கிறது. உறைந்த உழைப்பு ஓயாமல் வேலை செய்கிறது. கூலியோ போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நாளை சிரம்பியடிக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர் வந்து, ஒரு பகற்பொழுதில் சிரட்டையையும் றபானையும் பதிந்துபோய், அதனை ஒலித்தொகுப்பாக விற்கலாம். அன்று தட்டியவர்களுக்குத் தேநீரும் நன்றியுமே மிஞ்சும். உடலைக் கப்பலேற்றிய காலம் போய், ஒலியைக் கப்பலேற்றும் காலம் வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறோம். ஆகவே எண்ணிடுதல் மட்டும் போதாது. யார் தட்டியது என்ற பெயர் இருக்கவேண்டும். அவர்களுடைய இசைவு இருக்கவேண்டும். வருவாயில் பங்கு இருக்கவேண்டும்.

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லாமல் விடலாகாது. தமிழ்ச் சமுதாயம் முழவைக் கேட்க விரும்பிற்று. முழவு கொட்டியவனைத் தொட விரும்பவில்லை. இறப்பு வீட்டுக்குப் பறை வேண்டும். பறை கொட்டுபவன் முற்றத்துக்கு வெளியே நிற்கவேண்டும். தோலைத் தொட்ட கை தீட்டு என்று விதித்த அதே சாதியினரின் பிள்ளைகள், இன்று பறையொலி பதிந்த பொத்தானை மகிழ்ச்சியோடு அழுத்துகிறார்கள். பொத்தானுக்குத் தீட்டில்லை! இதனை ஒருவகை முன்னேற்றம் என்று சிலர் கொள்ளலாம். ஒலியை ஏற்றுக்கொண்டு ஆளை ஒதுக்குவது சாதியின் புதிய உடையேயன்றி, சாதியின் சாவன்று. ஜெனரல் மிடிப் பட்டியலில் நமக்கு இடமில்லை என்று குறைகூறும் உரிமை, நம் ஊர்ப் பந்தலில் பறைக் கலைஞனுக்குச் சமமாக இடம்கொடுத்தவனுக்கே உண்டு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே செய்யத்தக்க பணி இருக்கிறது. புத்தளக் கரையின் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு கணினியேனும் இருக்குமாயின், அம்பாவின் மூச்சையும் மாஞ்சாவின் சிரட்டையையும் றபானின் மூன்று குரலையும் மாணவர் தாமே பதியலாம். கொட்டியவரின் பெயரோடும் இசைவோடும் அவற்றைத் தொகுக்கலாம். தமிழ் மாணவனும் முஸ்லிம் மாணவியும் சிங்கள மாணவனும் ஒரு கணினியின் முன் அமர்ந்து, இந்த அடிக்கு எந்த எண் வைப்போம் என்று கூடிப் பேசும் அந்த ஒரு மணி நேரம், வரலாற்றுப் பாடநூல் பல கற்பிக்கத் தவறியதைக் கற்பிக்கும்.

மிடியின் இரண்டாம் பதிப்பு 2020இல் ஏற்கப்பட்டது. எண்களின் எல்லை விரிந்திருக்கிறது. ஆனால் இடம் பெருகியதனால் மட்டும் எவருக்கும் இடம் கிடைத்துவிடுவதில்லை, கேட்பவனுக்கே கிடைக்கும். கப்பலில் வந்தவன் கையில் ஒன்றுமில்லை. கரையில் கிடந்த சிரட்டையை எடுத்தான், இரண்டாகப் பிளந்தான், தட்டினான். அவனுக்கு எவரும் எண் வழங்கவில்லை. அவனும் எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த ஒலியை இன்று நாம் எந்தச் சானலில் அனுப்பினாலும் சரி, தட்டிய கைக்குரியவன் யார் என்பதை அழியாமல் எழுதிவைப்போம்.